உறங்குகிறவனை எழுப்பக் கூடாது

குழித்துறையில் ரயில் நகரத் தொடங்கிய பிறகுதான் ஷைஜா தன் அண்ணன் ஜெப்சனுக்குப் பூ வைத்தாள். தன் தலையிலிருந்த பிச்சிச் சரத்தில் இரண்டு விரல் நீளம் கிள்ளி எடுத்து, ஸ்லைடு ஒன்றைக் கழற்றி, அவன் இடது காதுக்கு மேலே முடியோடு சேர்த்துக் குத்தினாள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தபடி உறங்கிக்கொண்டிருந்தான். தலை லிஜோவின் தோளில் கிடந்தது.

"கொஞ்சம் கீழ வை. மேல வச்சா பொம்பள மாதிரி இருக்கும்," என்றான் லிஜோ.

"பொம்பள மாதிரி இருக்கட்டுன்னுதான் வைக்கேன்."

"அப்பம் ஒரு பொட்டையும் வை. கொறையா நிக்காண்டாம்."

எதிர் இருக்கையில் இந்துஜா போனைத் தூக்கிப் பிடித்தாள். "அண்ணா, இங்க பாருங்க. சிரிங்க," என்றாள் உறங்குகிறவனைப் பார்த்து. பிறகு மற்ற இரண்டு பேரையும் முறைத்தாள். "அவரு அசையாம ஒழுங்கா இருக்காரு. நீங்கதான் கெடந்து குலுங்குதிய."

ஆனி மாதத்துச் சாரல். ஜன்னல் வழியாக ஈரக் காற்று வந்துகொண்டிருந்தது.

அவர்கள் நால்வரும் சீசன் டிக்கெட்காரர்கள். திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் திருவனந்தபுரம், மாலையில் வீடு. லிஜோவுக்குக் களியக்காவிளை. அவன் பாறசாலையில் ஏறுவான். மற்ற மூன்று பேருக்கும் குழித்துறை. ஜெப்சனும் லிஜோவும் ஒரே கம்பெனியில் சாப்ட்வேர் வேலை, இந்துஜாவுக்குக் கண் ஆஸ்பத்திரியில் கணினிப் பிரிவு, ஷைஜாவுக்கு ஒரு இன்சூரன்ஸ் அலுவலகம். ஐந்து நாளும் ஒரே ரயிலில் ஒரே பக்கம் பார்த்துப் போகிறவர்களுக்கு, ஆறாவது நாள் அதே தண்டவாளத்தில் எதிர்த் திசையில் போனால் என்ன என்று முதலில் தோன்றியது ஜெப்சனுக்குத்தான். அப்படித் தொடங்கியதுதான் சனிக்கிழமைப் பயணம். இரணியலில் இறங்கி முட்டம், இன்னொரு வாரம் ஆரல்வாய்மொழியில் இறங்கி காற்றாலைகளுக்கு அடியில் ஒரு நடை, மற்றொரு வாரம் பத்மநாபபுரம் அரண்மனை. அன்றைக்குக் கன்னியாகுமரி போய், அங்கிருந்து பஸ்ஸில் வட்டக்கோட்டை என்று ஏற்பாடு.

மூன்று மாதமாக ஜெப்சனுக்கு இரவு வேலை. வெள்ளி ராத்திரி முழுவதும் கண் விழித்து, சனி விடியும்போது வேலை முடித்து, திருவனந்தபுரத்திலேயே ரயில் ஏறுவான். பின்னாலிருந்து மூன்றாவது பெட்டி. ஒரு இருக்கையில் பை, ஒன்றில் கர்ச்சீப், ஒன்றில் குடை வைத்து மற்றவர்களுக்கு இடம் பிடித்திருப்பான். பாறசாலையில் லிஜோ ஏறியதும் காவல் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்துவிட்டு உறங்கிவிடுவான்.

சீசன்காரர்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. உறங்குகிறவனை அவன் இறங்கும் இடம் வருவதற்கு முன் எழுப்பக் கூடாது. நாலரை மணிக்கு எழுந்து, விட்ட உறக்கத்தை ரயிலில் பிடிக்கிறவர்கள் அதிகம். யார் எங்கே இறங்குவார் என்று பெட்டி முழுவதற்கும் தெரியும். முன்பின் பேசாதவர்கூட முட்டியில் தட்டி எழுப்பிவிடுவார். இடையில் எழுப்பினால் அது பாவம். இந்தச் சட்டத்தோடு இவர்கள் நால்வரும் ஒரு விளையாட்டைச் சேர்த்துவைத்திருந்தார்கள். சோடனை என்று பெயர். உறங்குகிறவரை எழுப்பாமல் சோடித்துப் படம் எடுக்க வேண்டும். எழுந்துவிட்டால் சோடித்தவர் தோற்றார், டீச்செலவு அவருடையது; எழாவிட்டால் உறங்கியவருடையது. போன மாதம் லிஜோவுக்கு இரட்டைக் குடுமி போட்டு ரிப்பன் கட்டியிருந்தார்கள். அவன் இரணியல் ஸ்டேஷனில் அப்படியே இறங்கி, டீக்கடை வரை நடந்து போனான்.

அன்றைக்கு ஷைஜாவும் இந்துஜாவும் குழித்துறை பிளாட்பாரத்தில் நிற்கும்போதே லிஜோ குரூப்பில் ஒரு வாய்ஸ் அனுப்பியிருந்தான். பதினான்கு நொடி. முதலில் ரயில் பாலத்தில் ஏறும் சத்தம். அதற்கு மேலே ஒரு குறட்டை. நீளமாக, உள்ளே எதையோ இழுப்பதுபோல. இடைவெளி. இன்னொன்று. மறுபடி இடைவெளி. மூன்றாவது. பிறகு லிஜோவின் குரல்: "கேட்டியளா, எஞ்சின்ல ஆளில்ல. இவன்தான் வண்டிய இழுத்துட்டு வாறான்." இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். அவர்கள் ஏறியபோது குறட்டை நின்றிருந்தது. ஆழ்ந்த உறக்கம் என்று நினைத்தார்கள்.

பூவுக்குப் பிறகு லிஜோவின் கறுப்புக் கண்ணாடியை மாட்டினார்கள். கடலைப் பொட்டலம் ஒன்றை ஷைஜா அவன் கைக்குள் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். விரல்கள் சொன்னபடி மடங்கின. இந்துஜா ஐந்து படம் எடுத்தாள். நல்லதாக ஒன்றைத் தன் ஸ்டேட்டஸிலும் போட்டாள். "ஜெயிச்சாச்சு. டீ அண்ணனுக்க செலவு," என்றாள் ஷைஜா. லிஜோ தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தான். தோள் மரத்துப்போயிற்று என்றான். இருந்தும் அசைக்கவில்லை.

பள்ளியாடி, இரணியல், வீராணி ஆளூர் எல்லாம் கடந்தன. நாகர்கோவிலில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். அம்மா கட்டிக்கொடுத்த இடியாப்பத்தை அங்கே வைத்துச் சாப்பிடுவது வழக்கம். சாப்பாட்டுக்கு மட்டும் சட்டத்தில் விலக்கு உண்டு.

"அண்ணே, நாகர்கோவில் வந்தாச்சு. எழும்பு," என்றாள் ஷைஜா. தட்டினாள்.

"லே மாப்பிள, எழும்புலே. பொண்ணு வீட்டுக்காரங்க வந்தாச்சு." லிஜோ தோளை இழுத்துக்கொண்டான்.

ஜெப்சனின் தலை, தோள் இருந்த இடத்தில் நிற்காமல் கீழே சரிந்தது. கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. கண்ணாடிக்குப் பின்னால் அவை எப்போதிலிருந்து திறந்திருந்தன என்று மூன்று பேருக்கும் தெரியாது.

"அண்ணே, வெளையாடாத," என்றாள் ஷைஜா. சாதாரணக் குரலில்தான் சொன்னாள். எதிர்ப்பக்கம் இருந்த ஒருவர் எழுந்து வந்து அவன் மூக்குக்கு நேரே புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு கையை எடுத்து வேட்டியில் துடைத்தார். அந்தத் துடைப்பைத்தான் ஷைஜா முதலில் புரிந்துகொண்டாள்.

அதன் பிறகு நடந்தவை அவளுக்கு வரிசையாக நினைவில்லை. நாலு பேர் தூக்கினார்கள். பிளாட்பாரத்தில் ஒரு நாய் விலகி வழிவிட்டது. ஆம்புலன்ஸில் லிஜோ அவன் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தான். நிறுத்து என்று சொன்ன பிறகும் அமுக்கினான். ஆஸ்பத்திரியில் அவளுடைய வயதிலேயே ஒரு டாக்டர். கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள், கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு குனிந்து, முடியை இழுக்காமல் மெதுவாக அந்த ஸ்லைடைக் கழற்றினாள். பூவோடு சேர்த்து ஷைஜாவிடம் நீட்டினாள்.

"இது உங்களோடதா?"

ஷைஜா வாங்கிக்கொண்டாள். பூ வாடவில்லை.

"வரும்போதே உயிர் இல்லை. கடைசியா எப்போ பேசினாரு?"

"பாறசாலையில," என்றான் லிஜோ. "நாகர்கோவில்ல எழுப்புன்னு சொன்னான்."

டாக்டர் சீட்டில் ஒன்பது இருபது என்று எழுதினாள். அது கொண்டுவந்த நேரம். போன நேரத்துக்கு அந்தச் சீட்டில் இடமில்லை.

வராந்தாவில் இந்துஜா சுவரோடு ஒட்டி நின்று போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஸ்டேட்டஸ அழிச்சிட்டேன். போட்டோவையும் அழிச்சிட்டேன்," என்றாள். "அம்மைக்குத் தெரியாண்டாம், ஷைஜா. நாம அதை அவங்ககிட்ட சொல்லவே வேண்டாம்."

மூன்று பேரும் அதற்கு ஒத்துக்கொண்டார்கள். வாய்விட்டு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் பிரேதப் பரிசோதனை முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பாம். இருபத்தொன்பது வயது. வாரம் இரண்டு நாள் சர்ச் மைதானத்தில் வாலிபால் ஆடுகிறவன். ஞாயிறு மாலை ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் அடக்கினார்கள். பெட்டியை மூடுவதற்கு முன் யாரோ ஒரு உறவுக்காரப் பெண் அவன் நெஞ்சில் பூ வைக்கச் சொல்லி ஷைஜாவிடம் நீட்டினாள். அவள் வாங்கவில்லை. துக்கம் தாங்காமல் நிற்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அவளுக்கு ஓடிக்கொண்டிருந்தது வேறு. பூ வைத்தபோது அவன் காதைத் தொட்டாளே, அது சூடாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. குளிர்ந்திருந்ததுபோல இருந்தது. ஆனால் சாரல் காற்றில் எல்லோருடைய காதும் குளிர்ந்துதானே இருக்கும். இதைச் சோதித்துப் பார்க்க, கூட்டத்துக்கு நடுவில் தன் காதைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் அம்மா பூங்கனி குடும்ப வேதாகமத்தை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே கோடு போட்ட தாள்கள் உண்டு. பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், மரணம் எல்லாம் அங்கேதான் ஏறும். தேதி மட்டும் போதாது, நேரமும் வேண்டும் என்பது அந்த வீட்டுப் பழக்கம். ஷைஜாவின் அப்பா யேசுதாசன் போனபோது பூங்கனிதான் எழுதினாள்: காலை நாலு இருபது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்தவள் அவள். ஜெப்சன் பிறந்த நேரமும் அதே தாளில் இருந்தது: பகல் இரண்டு ஐந்து.

அம்மா பேனாவைத் திறந்து பெயரையும் தேதியையும் எழுதினாள். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தான்' என்றுதான் வழக்கமாக எழுதுவார்கள். அவள் 'மரித்தான்' என்று எழுதினாள்.

"எத்தன மணி, மக்களே?"

"ஆஸ்பத்திரில ஒம்பது இருவது போட்டிருக்காங்க."

"அது அவங்க பாத்த நேரம். போன நேரம் எது?"

ஷைஜா மேசைத் துணியைப் பார்த்தாள். இரணியலுக்கு முன்பே படம் எடுத்து முடித்திருந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததாக இருந்தால், அவள் சோடித்தது உறங்குகிறவனை. அது போதும் என்று இருந்தது.

"எட்டரை இருக்கும்மா. இரணியல் தாண்டி."

பேனா தாளின் மேல் நின்றது. எழுதவில்லை. "ஒறப்பா?"

"அப்படித்தான் தோணுது."

அம்மா மூடியைத் திருகி, வேதாகமத்தையும் மூடி, எடுத்துப் போய்விட்டாள். கை ஓடவில்லை போலிருக்கிறது என்று ஷைஜா நினைத்தாள்.

பிறகு ஒருநாள் முற்றத்தில் மீன் அறுத்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் கேட்டாள்: "எட்டு பத்துக்கு அவன் எப்பிடி இருந்தான்?"

"எட்டு பத்துக்கா? நல்லாத்தாம்மா இருந்தான். ஒறங்கிட்டு இருந்தான்."

"உசிரு இருந்துதா?"

"இருந்தது."

ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்ன பதில். பூங்கனி பாதி அறுத்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். அன்று சாளை மீன் பூனைக்குத்தான் ஆயிற்று. அதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சத்துணவுக் கூடத்தில் நூறு பிள்ளைகளுக்குச் சோறு வடித்துப் பரிமாறுகிறவள், வீட்டில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு கவளத்தோடு கையைக் கழுவினாள். எட்டு பத்து என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று ஷைஜா யோசிக்கவில்லை. அவளுக்குத் தன் கணக்கே பெரிதாக இருந்தது.

ஒன்பதாம் நாள் லிஜோ கூப்பிட்டான். வீட்டுக்கு வரவில்லை. குழித்துறை ஸ்டேஷனில், வண்டி எதுவும் நிற்காத காலை பத்து மணி வாக்கில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முகம் மழிக்கவில்லை.

"ஏட்டி, ஒண்ணு சொல்லணும். சொல்லாம என்னால முடியல்ல."

"சொல்லு."

"எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஸ்மைலின் அக்கா உண்டுல்லா. மஸ்கட்ல தீவிர சிகிச்சைப் பிரிவுல நர்ஸ். லீவுல வந்திருக்காங்க. அவங்ககிட்ட அந்த வாய்ஸப் போட்டுக் காட்டினேன்."

"எதுக்கு?"

"தெரியல்ல. ராத்திரி கெடந்தா அந்தச் சத்தம் வருது. கொறட்டதானான்னு யாராவது சொன்னாப் போதும்னு இருந்தது." அவன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். "அக்கா ரெண்டாவது தடவை போடச் சொன்னாங்க. பொறவு போன என் கையில தந்துட்டு, இது கொறட்டை இல்ல லிஜோ, அப்பிடின்னாங்க. நெஞ்சு நின்ன பொறவு ஒடம்பு சும்மா கெடந்து இழுக்கும், அந்த இழுப்பாக்கும் இது, அப்பிடின்னாங்க. இடைவெளி விட்டு விட்டு வரும். கூடிப்போனா ரெண்டு நிமிஷம்."

பிளாட்பாரத்தில் ஒரு பெண் காலி வாளியைக் கவிழ்த்துவைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். ஷைஜா அவளையே பார்த்தாள்.

"அப்பவே நெஞ்ச அமுக்கியிருந்தா பொழைச்சிருப்பானான்னு கேட்டேன். ஓடுற வண்டில நீ என்ன செய்வ மக்கான்னு சொல்லிட்டு அடுக்களைக்குப் போயிட்டாங்க. நேரா பதில் சொல்லல்ல." லிஜோ தன் தோளைத் தொட்டான். "என் தோளுல வச்சு. நான் சிரிச்சிருக்கேன், ஷைஜா. அதுலயே கேக்கும்."

அவள் போனை எடுத்தாள். குரூப்பில் மேலே போனாள். வாய்ஸ் பக்கத்தில் நேரம் இருந்தது. ஏழு நாற்பத்தாறு. அதற்குக் கீழே அவளே அனுப்பிய சிரிப்புப் பொம்மைகள் மூன்று. ஏழு நாற்பத்தேழு.

அப்படியானால் அவள் ரயில் ஏறியபோது அவன் இல்லை. காதைத் தொட்டபோது இல்லை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாளே, அப்போதும் இல்லை. நாகர்கோவில் வரை முக்கால் மணி நேரம் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, சத்தம் போடாமல் சிரித்து, மெதுவாகப் பேசு, எழும்பிருவான் என்று இந்துஜாவை அதட்டியிருக்கிறாள்.

"யார்ட்டயும் சொல்லாத," என்றாள். "அம்மைக்கு இது தெரியவே கூடாது. ஒறங்கும்போ போயிட்டான்னு இருக்கட்டு."

லிஜோ தலையாட்டினான். திருவனந்தபுரம் போகிற எக்ஸ்பிரஸ் ஒன்று நிற்காமல் கடந்தது. அது முழுவதும் போய் முடிகிற வரை இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை இந்துஜா வந்தாள். அம்மா சர்ச் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். போகச் சொல்லி ஷைஜாதான் கட்டாயப்படுத்தி அனுப்பியிருந்தாள். இந்துஜா செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள்.

"அம்மைக்குத் தெரியாண்டாம்னு அன்னைக்கு சொன்னேன்ல. அப்பம் நான் பாக்கல்ல, ஷைஜா. ஆஸ்பத்திரியில நின்னு ஸ்டேட்டஸ அழிச்சேன், வந்து கெடந்த மெசேஜ் ஒண்ணையும் தொறக்கல்ல. ஒரு வாரத்துக்கு மேல தொறக்கல்ல. முந்தாநாள்தான் பாத்தேன்."

"என்னத்த?"

இந்துஜா போனை நீட்டினாள். 'பூங்கனி அம்மா' என்று பெயர். மேலே சின்னதாக அந்தப் படம்: காதில் பூ, கறுப்புக் கண்ணாடி. அதற்கு மறுமொழியாக ஒரு வாய்ஸ். எட்டு பதினொன்று.

ஷைஜா அழுத்தினாள். பின்னால் குக்கர் விசில். முன்னால் அம்மாவின் குரல், சிரிப்பு அடங்காத குரல். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்றுதான் முதலில் தோன்றியது.

"ஏ இந்து பிள்ளே, எனக்க மவன என்னத்துக்குப் போட்டு இந்தப் பாடு படுத்துதிய? நல்ல சோடனை போ. ஆனா ராத்திரி முழுக்கக் கண்ணு முழிச்ச பிள்ளையாக்கும். எழுப்பாதீங்க, கேட்டியா. இடியாப்பம் ஆறினாலும் பரவால்ல. கன்னியாமரி போறது வரைக்கும் ஒறங்கட்டு."

முடிந்ததும் ஷைஜா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு பத்துக்கு உசிரு இருந்துதா? இருந்தது என்று இவள் சொன்னாள். இரணியல் தாண்டி எட்டரை என்றும் சொன்னாள். உயிரோடு இருந்த பிள்ளையை எழுப்பாதீங்க என்று சொன்னது தான்தான் என்று இரண்டு வாரமாக ஒருத்தி இந்த வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருக்கிறாள். அதற்கு ஷைஜா சாட்சி சொல்லிக்கொடுத்திருக்கிறாள், அதுவும் இரண்டு தடவை.

"நான் எழுப்பத்தான் போனேன்னு, மெசேஜைப் பாத்துதான் விட்டேன்னு அம்மை நெனச்சிருப்பாங்களோ?" இந்துஜா அழுதாள். "நான் அதைப் பாக்கவே இல்ல."

"வீட்டுக்குப் போ, இந்து. நான் சொல்லிக்கிடுகேன்."

லிஜோவுக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள். "சொல்லிரு. வாய்ஸையும் போட்டுக் காட்டு. நான் சிரிச்சதையும் கேக்கட்டு," என்றான்.

பூங்கனி திரும்பிவந்து, உடுப்பு மாற்றி, அடுக்களை வாசலில் உட்கார்ந்து பலாக்கொட்டை தோலுரிக்கத் தொடங்கினாள். ஷைஜா எதிரே தரையில் உட்கார்ந்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் தானும் இரண்டு கொட்டை உரித்தாள்.

"அம்மா, நான் சொன்ன நேரம் தப்பு."

அம்மாவின் கை நின்றது.

"நீ இந்துக்குப் பேசினதைக் கேட்டேன். எட்டு பதினொண்ணு. அதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிருச்சும்மா."

"எனக்காகச் சொல்லாதே, மக்களே."

"ஒனக்காக இல்ல."

"அன்னைக்கு இருந்தான்னு சொன்னே. இன்னைக்கு இல்லங்கே. நாளைக்கு என்ன சொல்லுவே? எனக்கு வயசாயிட்டுன்னா நெனச்சே?" குரல் உயரவில்லை. "நான்தான் சொன்னேன், எழுப்பாதீங்கன்னு. இந்த வாயால. அவன் பசியோட கெடந்தாலும் பரவால்லன்னு சொன்னேன்."

ஷைஜா போனை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவே தரையில் வைத்தாள். லிஜோ சொன்னதை, ஸ்மைலின் சொன்னதை, விடாமல் சொன்னாள். பிறகு அழுத்தினாள்.

பாலத்துச் சத்தம். முதல் இழுப்பு. இடைவெளி. இரண்டாவது. இடைவெளி. மூன்றாவது. லிஜோவின் சிரிப்பு.

பூங்கனி அசையாமல் கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொல்லவில்லை.

"இது அவனுக்க கொறட்டை இல்ல," என்றாள். "அவன் கொறட்டை எனக்குத் தெரியாதா. மூக்கால விடுவான், பூனைக்குட்டி மாதிரி." பிறகு கேட்டாள்: "இது எத்தன மணி?"

"ஏழு நாப்பத்தாறு. போன்ல இருக்கு, பாரு."

அம்மா கண்ணாடி இல்லாமல் போனைத் தூரத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. "நான் பேசினது எட்டு பதினொண்ணு."

"இருபத்தஞ்சு நிமிஷம் கழிச்சு."

"இருபத்தஞ்சு நிமிஷம்," என்றாள் அம்மா. பலாக்கொட்டைத் தோல் மடியிலிருந்து சரிந்தது. அவள் அதைப் பொறுக்கவில்லை. அடுத்து என்ன வரும் என்று ஷைஜாவுக்குத் தெரிந்திருந்தது. கணக்கு ஒன்றுதான். ஒருத்தி அதிலிருந்து இறங்கினால் மற்றவள் ஏறித்தான் ஆக வேண்டும்.

"அப்பம் நீ எங்க ஏறினே?"

"குழித்துறையில."

"பூ வச்சது?"

"பொறவு."

அடுக்களையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா அவளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஷைஜா ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள். திட்டாக இருந்தாலும் போதும் என்று இருந்தது.

"எந்தக் காதுல?"

"இடது."

அம்மா தலையை அசைத்தாள், அதையும் எங்கோ குறித்துக்கொள்கிறவள்போல. பிறகு எழுந்து கையைக் கழுவி, முந்தானையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு, வேதாகமத்தை எடுத்துவந்தாள். தாளைத் திருப்பி, மூக்குக்கண்ணாடியை மாட்டி, பேனாவைத் திறந்தாள். காலை 7.46 என்று எழுதினாள். ஆறு கொஞ்சம் கோணிவிட்டது. அதன் மேல் மறுபடி எழுதினாள்.

"அந்நேரம் வண்டி எங்க நிக்கும்?"

"நிக்காதும்மா. ஆத்துப் பாலத்துல ஓடிட்டு இருக்கும்."

பூங்கனி அதையும் எழுதினாள். குழித்துறை ஆற்றுப் பாலம். மை காய ஊதினாள். "போயி ரெண்டு தட்டு எடு," என்றாள். "சோறு ஆறுது."

ஷைஜா எழுந்து தட்டுகளை எடுத்தாள். அவை ஒன்றோடு ஒன்று மோதிச் சத்தம் எழுப்பின. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. சோறு வைத்தாள். தனக்கும் வைத்துக்கொண்டாள். அம்மா சாப்பிட்டாள். ஷைஜாவால் மூன்றாவது கவளத்துக்கு மேல் இறக்க முடியவில்லை. அம்மா அவள் தட்டைப் பார்த்துவிட்டு, மோரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

சனிக்கிழமை காலை ரயில் இப்போதும் பாறசாலையை ஏழு முப்பத்தெட்டுக்கு விடுகிறது. குழித்துறை வர பதினோரு நிமிடம்; பாலத்திலிருந்து என்றால் மூன்று.